ரதியைக் கடத்திய ஒட்டுத்தாடி

காலை ஒன்பது மணிக்கெல்லாம் கொட்டகலைக் கடைத்தெருவில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன.

தவளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்து நல்லமுத்துவும் மூனாங்கல் தோட்டத்து லொறி டிரைவர் சோலைமலையும் ஹட்டன் சினிமாக் கொட்டகை வரிசையில் முட்டிக்கொண்டவர்கள், அந்தப் பகைதான் என்றது டீக்கடை பெஞ்சு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் கேட்டவர்கள் என்றது இறைச்சிக்கடை. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் இது போன பிறவிக் கணக்கு என்று தொடங்கி, பஸ் வந்ததால் பாதியில் விட்டுவிட்டு ஏறிப் போனார்கள்.

மூன்று கட்சிக்கும் பொதுவான சங்கதி ஒன்றுதான். அன்று பொழுது புலரும் நேரத்தில் சோலைமலை நல்லமுத்துவைச் சாக்கால் மூடி லொறியில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மற்ற நாளாக இருந்தால் ஊர் இதைப் பேசித் தீர்த்துவிட்டு வேலைக்குப் போயிருக்கும். அன்று மாசிப் பௌர்ணமி. தவளைப்பாறையில் காமன் கூத்து. பொழுது சாய்ந்ததும் மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்க முடியும். ரதி வேஷம் ஆண்பிள்ளை கட்டுவதுதான் வழக்கம். இரண்டு வருஷமாகக் கட்டியவன் நல்லமுத்து. ஆக, காணாமல் போனது கல்யாணப் பெண்.

இந்த வழக்கு வந்து விழுந்த இடம் செல்லசாமியின் சலூன். கூத்தாடிகளுக்குச் சவரம் செய்து அரிதாரம் பூசுவது வருஷா வருஷம் அவர் பொறுப்பு. அது தவிர, நாற்பத்து மூன்று துப்பறியும் நாவல்களை அட்டை கிழியும்வரை படித்தவர். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஐயாவின் காணாமல் போன பல்செட்டை அவருடைய வாய்க்குள்ளேயே கண்டுபிடித்துக் கொடுத்த பெருமையும் அவருக்கு உண்டு.

சவர நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார் தவளைப்பாறைப் பெரிய கங்காணி வீரய்யா.

“விளக்கு வைக்கிறதுக்குள்ள என் ரதி வந்து சேரணும் செல்லசாமி. இல்லாட்டி கவ்வாத்துக் கத்தியோட இருவது பேரு மூனாங்கலுக்கு எறங்குறதா இருக்காங்க. தேயிலச் செடிய வெட்டுற கத்தி, கை கால வெட்டாதுன்னு நெனைக்காத. அவங்கள என்னால நிறுத்த முடியாது.”

“பொலிசுல சொன்னீங்களா, கங்காணி ஐயா?”

“என்னான்னு சொல்றது? மன்மதன் சம்சாரத்த லொறி டிரைவர் தூக்கிட்டுப் போயிட்டான்னா?”

“சொன்னா மொதல்ல மன்மதனத்தான் உள்ள போடுவாங்க” என்றது பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்லசாமியின் மனைவி சண்முகவடிவு. சலூனுக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். கடையில் பேசும் ஒவ்வொரு பேச்சும் அவளைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகும். செல்லசாமி அவளைத் தன் உதவியாளர் என்று சொல்லிக்கொள்வார். அவள் அவரைத் துப்பறியும் புலி என்று கூப்பிடுவாள். அந்தப் பட்டத்தில் கேலி இருப்பதாக அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வடிவு மூன்று தம்ளரில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் தம்ளரையும் புருஷன் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஏதோ விரதம் போலும் என்று செல்லசாமி இரண்டையும் குடித்தார்.

கண்ணால் கண்ட சாட்சி, மாட்டுப்பட்டியில் வேலை செய்யும் மாயாண்டி. கங்காணிக்குப் பின்னால் பதுங்கி நின்றவனை முன்னால் இழுத்து விட்டார்கள்.

“தொரை பங்களாவுக்குப் பால் கொண்டு போறப்ப பாத்தேங்க. மூனாங்கல் லொறி நிக்குது. டிரைவரு ஒரு மூட்டையத் தூக்கிப் போட்டான். உள்ள சலங்கைச் சத்தம். ரதியோட சலங்கைங்க அது! அப்புறம் நல்லமுத்துவப் படுக்க வச்சு மேல சாக்கப் போத்தினான்.”

“நல்லமுத்து கத்தினானா?”

“இல்லீங்க. தும்மினான்.”

“அதுக்கு அந்தக் கிராதகன் என்ன பண்ணுனான்?”

“நூறாயுசுன்னான்.”

செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார். “என்ன கொடூரமான கிண்டல்!”

“கடத்துறவன் ஆயுசு நல்லாருக்கணும்னு வாழ்த்துறானே, அது ஒங்களுக்கு ஒரு மாதிரியா தெரியல?” என்றாள் வடிவு.

“குறுக்கப் பேசாத வடிவு. மாயாண்டி, அவன் சோலைமலைதானா?”

“அந்த லொறிக்கு வேற டிரைவர் ஏதுங்க? ஆனா மூஞ்சி பூரா தாடி.”

செல்லசாமி துள்ளி எழுந்தார். “சோலைமலைக்குத் தாடியா? ஞாயித்துக்கிழமை தவறாம இதே நாற்காலியில ஒக்காந்து மழமழன்னு வழிச்சுக்கிட்டுப் போற ஆளு! ஒட்டுத்தாடி! நாப்பத்து மூணு கதையில முப்பத்தெட்டுல ஒட்டுத்தாடிதான்!”

“கடைசியா எந்த ஞாயித்துக்கிழமை வந்தாரு?” என்று கேட்டாள் வடிவு.

அவர் விரல் விட்டு எண்ணினார். சோலைமலை வந்து ஐந்து மாதமாகியிருந்தது. நல்லமுத்துவும் தைப்பொங்கலுக்குப் பிறகு கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. காமனுக்குக் காப்புக் கட்டிய ஆட்கள் கூத்தன்று காலைவரை சவரம் செய்வதில்லைதான். ஆனால் காப்புக் கட்டியதே பன்னிரண்டு நாளைக்கு முன்னால். அதற்கும் முன்னால் ஏன் வரவில்லை?

நெஞ்சுக்குள் பழைய புண் ஒன்று திறந்துகொண்டது. ஹட்டனில் ஆண்டியப்பன் புதுச் சலூன் திறந்திருக்கிறான். சுற்றுகிற நாற்காலி போட்டிருக்கிறான்.

“அங்கதான் ரெண்டு பேரும் சந்திச்சிருக்கானுங்க! நாற்காலியக் காட்டி மயக்கி, இன்னிக்கு ரதிக்கு மொகம் வழிக்கிற பெருமைய நம்மகிட்டேருந்து தட்டிப் பறிக்கத்தான் ஆண்டியப்பன் இந்தக் கடத்தலையே பண்ணியிருக்கான். கிளம்பு!”

வீரய்யா கங்காணி வடிவைப் பார்த்தார். வடிவு கூரையைப் பார்த்தாள்.

* * *

ஹட்டனுக்கு முன் ஒரு நடை தவளைப்பாறையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போக வேண்டும் என்று வடிவு பிடிவாதமாக நின்றாள். நல்லமுத்துவின் மனைவி மீனம்மா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“மூணு வருஷம் ரதி வேஷம் கட்டுறதா நேத்திக்கடனுங்க. புள்ள வரம் கேட்டு. இது மூணாவது வருஷம். இன்னிக்கு விட்டுப் போச்சுன்னா எல்லாம் போச்சுங்க.”

செல்லசாமி கூரைத் தகரத்தைப் பார்த்தார். வடிவு தரையைப் பார்த்தபடி நின்றாள். கல்யாணமாகி எட்டு வருஷம். முதல் மூன்று வருஷம் ஊர் கேட்டது, பிறகு ஊரும் கேட்கவில்லை, அவர்களும் தங்களுக்குள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு யாராவது பிள்ளை வரம் என்று சொல்லும்போது மட்டும் இரண்டு பேருக்கும் பார்ப்பதற்கு வேறு வேறு இடம் தேவைப்படும்.

மீனம்மா அழுகைக்கு நடுவிலும் மரியாதை தவறாமல் தேத்தண்ணி ஊற்றினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தம்ளரை எட்ட நீட்டினாள். வடிவு அதை வாங்கி அப்படியே செல்லசாமி கையில் கொடுத்தாள். அவருக்கு அன்று அது நாலாவது.

இறங்கி வரும் வழியில் வடிவு சொன்னாள்: “அடுப்பப் பாத்தீங்களா? ஒரு ஆளுக்கு மட்டுந்தான் ஒல வச்சிருக்கா.”

“துக்கத்துல பசி எங்க இருக்கும்?”

“துக்கப்படுறவ, புருஷன் எப்ப வருவாரோன்னு ரெண்டு ஆளுக்குத்தான் வப்பா. இவ அவரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டாருன்னு நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கா.”

“சமையல வச்சு ஒரு கதையிலயும் துப்பு வந்ததில்ல வடிவு” என்று செல்லசாமி அந்தத் துப்பைத் தள்ளுபடி செய்தார்.

* * *

கறுப்புக் கண்ணாடி, காதை மூடிய மப்ளர், தலையில் இரவல் தொப்பி. இந்த மாறுவேஷத்தில் செல்லசாமி ஆண்டியப்பனின் சலூனுக்குள் நுழைந்தார்.

“வாங்க செல்லசாமி அண்ணே” என்றான் ஆண்டியப்பன்.

மாறுவேஷம் கலைந்தாலும் நாற்காலி இருந்தது. செல்லசாமி அதில் உட்கார்ந்தார். அது சுற்றியது. விரோதியின் கோட்டைக்குள் இருக்கிறோம் என்ற நினைவு முதல் சுற்றில் இருந்தது, மூன்றாவது சுற்றில் மறந்துவிட்டது. ஐந்தாவது சுற்றில் வடிவு காலால் நிறுத்தினாள்.

“மூனாங்கல் சோலைமலை இங்க சவரத்துக்கு வர்றாரா?” என்று அவளே கேட்டாள்.

ஆண்டியப்பன் சிரித்தான். “அவரா? அஞ்சு மாசமா தாடியோடல்ல திரியிறாரு! ஹட்டன் டவுன் பூரா தெரியுமே. நான்கூட ‘வழிச்சு விடவா’ன்னு கேட்டேன். ‘இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க’ன்னுட்டுப் போயிட்டாரு.”

“தவளைப்பாறை நல்லமுத்து?” என்றார் செல்லசாமி, குரலில் பாதிதான் மிச்சம்.

“அந்தப் பேர்ல ஒரு ஆள நான் பாத்ததே இல்ல அண்ணே. தேத்தண்ணி சாப்பிடுறீங்களா?”

ஐந்தும் ஆறும் அங்கே உள்ளே போயின.

பஸ் நிலையத்தில் செல்லசாமி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுப்பிய கோட்டை அடியோடு விழுந்துவிட்டது. விளக்கு வைக்க இன்னும் நாலு மணி நேரம். இருபது பேரும் இந்நேரம் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார்கள்.

“அழாதீங்க. ஒங்க வாடிக்கைக்காரங்க யாரும் ஒங்கள விட்டுப் போகல, அது நல்ல சேதிதானே?” என்றாள் வடிவு. “ஒண்ணே ஒண்ணு யோசிங்க. இன்னும் ரெண்டு மாசம்னு தேதி போட்டுத் தாடி வளக்குற ஆம்பள யாரு?”

“பழனிக்கு நேந்துக்கிட்டவன். கதிர்காமத்துக்குப் போறவன். அப்புறம்...”

அவர் நிறுத்தினார். எத்தனை வருஷத் தொழில்! எத்தனை பேர் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நின்று, ஏழெட்டு மாதம் கழித்துக் கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்! பொண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. இது தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. சலூன்காரருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். சுற்றுகிற நாற்காலி மேல் இருந்த பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

“புள்ளத்தாச்சி வீட்டுக்காரன்!” என்று அவர் கத்தியதில் பக்கத்து பெஞ்சில் இருந்த சிங்களக் கிழவர் திடுக்கிட்டுக் கூடையை அணைத்துக்கொண்டார். “அது ஒட்டுத்தாடி இல்ல வடிவு, சொந்தத் தாடி! சோலைமலை சம்சாரம் ராக்காயி முழுகாம இருக்கு. அப்ப நல்லமுத்துவும்... மீனம்மாவும்...”

“மெதுவா.”

“வரம் கெடச்சிருச்சு! ஆனா நேத்திக்கடன் ஒரு வருஷம் பாக்கி. ரதின்னா இன்னிக்குக் காலையில மொகம் வழிக்கணும். வழிச்சா புள்ளைக்கு ஆகாது, வழிக்காட்டி ரதி கிடையாது. அதான் ஓடிட்டான்! யாரும் அவனக் கடத்தல. அவன் பயந்து ஓடுனது...” செல்லசாமி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். “என் கத்திக்கு. அப்ப குத்தவாளி நான்தானா?”

“நாப்பத்து நாலாவது கதையில வரலாம்.”

“ஆனா ஒரு முடிச்சு பாக்கி இருக்கு. இவன் தவளைப்பாறை, அவன் மூனாங்கல். சினிமாவும் இல்ல, சலூனும் இல்ல. ரெண்டு பேரும் எங்கதான் சந்திச்சானுங்க?”

“வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி கிளினிக்ல. புள்ளத்தாச்சிங்க உள்ள வரிசையில நிப்பாங்க. புருஷன்மாருங்க வெளிய சைப்பிரஸ் மரத்தடியில ஒக்காந்து ஒருத்தர் தாடிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

“அது ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பஸ் வருது, ஏறுங்க.”

* * *

மூனாங்கல் லயத்தில், கடத்தப்பட்ட நல்லமுத்து மணைப்பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். கடத்தியவன் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தான். வயிற்றைத் தாங்கியபடி கதவோரம் உட்கார்ந்து, இரண்டு பேரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள் ராக்காயி.

செல்லசாமி மப்ளரை இறுக்கிக்கொண்டார். நேராகப் போய்ச் சோலைமலையின் தாடியைப் பிடித்து இழுத்தார்.

“ஐயோ!”

“சொந்தத் தாடிதான்” என்று வடிவிடம் திரும்பிச் சொன்னார்.

நல்லமுத்து அவர் காலில் விழாத குறையாக எழுந்தான். ஒன்றரை மாதத் தாடியில் அவன் ரதியாகத் தெரியவில்லை, ரதியைக் கடத்துகிறவனாகத்தான் தெரிந்தான்.

“அண்ணே, வெளிய சொல்லிறாதீங்க. முன்னாடி ரெண்டு தடவ வந்துச்சு. சந்தோசத்துல லயம் பூராச் சொன்னோம். ரெண்டும் தங்கல. இந்தத் தடவ மூணு மாசம் முடியிற வரைக்கும் வாயத் தெறக்கப்படாதுன்னு மீனம்மா சத்தியம் வாங்கிட்டா. கங்காணிகிட்ட காரணம் சொல்லாம வேஷம் கட்டமாட்டேன்னு எப்படி நிக்கிறது? நானா விட்டா நேத்திக்கடன் குத்தம். என்னைய யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா சாமி என்னைய என்ன கேக்க முடியும்?”

“சலங்கைய எதுக்குடா தூக்கிட்டு வந்த?”

“மனசு கேக்கலண்ணே. கட்டாமப் போனாலும் பக்கத்துல இருக்கட்டும்னுதான்.” அவன் கண் கலங்கியது. “மூணாவது வருசம்ண்ணே.”

செல்லசாமி நாற்பத்து மூன்று கதைகளையும் மனசுக்குள் புரட்டினார். குற்றவாளியைப் பிடிக்கும் வழி எல்லாவற்றிலும் இருந்தது. ஒரு நல்ல பையனுக்கு ஒத்தாசை செய்யும் வழி ஒன்றிலும் இல்லை.

“கல்யாணப் பொண்ணு தலைகுனிஞ்சு நிக்கிறதுதானே?” என்றாள் வடிவு. “நெத்தியிலேருந்து நாடிக்குக் கீழ வரைக்கும் பூச்சரமாத் தொங்க விட்டா என்ன?”

நல்லமுத்து அவளைப் பார்த்தான். செல்லசாமி அவன் தாடையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். “நெருக்கமாக் கட்டணும். காத்தடிச்சாலும் வெலகக் கூடாது. செய்யலாம். ஓடு, சோலைமலை, லொறிய எடு!”

* * *

கத்திகளோடு இருபது பேர் தவளைப்பாறைப் பாலத்தடியில் கூடி நின்றபோது, எதிரே மூனாங்கல் லொறி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து, கண்ணைத் தவிர முகம் முழுவதும் செல்லசாமியின் மப்ளரால் மூடிய ரதி இறங்கினாள்.

“கடத்தலும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க” என்றார் செல்லசாமி, வீரய்யா கங்காணியின் கண்ணைப் பார்க்காமல். “மூணாவது வருசத்து ரதி கூத்தன்னிக்குக் காலையிலேருந்து ஊர்க் கண்ணுல படக்கூடாதாம். மாலையில பூவுக்கு உள்ளதான் மொகம் காட்டணுமாம். பழைய மொற. நம்ம ஆளுங்க மறந்துட்டோம்.”

கங்காணி யோசித்தார். தெரியாது என்று இருபது பேருக்கு முன்னால் சொல்லப் பெரிய கங்காணியால் முடியுமா? “ஆமா, ஆமா. எங்க அப்பா காலத்துல இருந்துச்சு” என்றார். கத்திகள் இடுப்புக்குத் திரும்பின.

காமன் பொட்டலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் செல்லசாமி தன் வாழ்நாளிலேயே பிரமாதமான ஒப்பனையைச் செய்தார். இருபத்தேழு பூச்சரம். இந்த வருஷம் ரதிக்கு வெட்கம் அதிகம் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். மாலை மாற்றும்போது சரத்துக்குள் எட்டிப் பார்த்த மன்மதன் மட்டும் ஓரடி பின்வாங்கினான். சிவன் வருமுன்னே அவன் பாதி எரிந்துவிட்டான். கூட்டத்தில் மீனம்மா இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அழுதாள். காலையில் அழுததைப் போல இல்லை அந்த அழுகை.

தப்புச் சத்தம் ஏறியது. கொட்டகைக்குள் செல்லசாமி கண்ணாடியை விளக்கோரம் சாய்த்து, தன் முகத்தைப் பார்த்தார். ஓடிய ஓட்டத்தில் தன் சவரம் விட்டுப் போயிருந்தது. சபையில் மாலை போட்டு மரியாதை செய்யக் கூப்பிடப் போகிறார்கள். கத்தியைத் தீட்டி, கன்னத்துக்குக் கொண்டு போனார்.

வடிவு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மடக்கி வைங்க.”

“சபை நடுவுல தாடியோடயா நிக்கச் சொல்ற?”

“இன்னும் ஆறு மாசம் அப்படித்தான் நிக்கணும்.”

செல்லசாமிக்கு விளங்கவில்லை. அந்த நேரம் யாரோ இரண்டு தம்ளர் தேத்தண்ணியை உள்ளே நீட்டிவிட்டுப் போனார்கள். வடிவு மூக்கைச் சுளித்துத் தன் தம்ளரை அவர் பக்கம் தள்ளினாள்.

“கிளினிக் வரிசையில ராக்காயி மொதல்ல நின்னா, மீனம்மா ரெண்டாவது. மூணாவது யாருன்னு துப்பறியும் புலி கேக்கவே இல்லியே” என்றாள். “நேத்தோட மூணு மாசம் முடிஞ்சிருச்சுங்க. அது வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னுதான் ஒங்கள வழிக்க விட்டேன். ஒரு மாசமா என் பங்குத் தேத்தண்ணியையும் சேத்துக் குடிக்கிறீங்களே, ஏன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?”

செல்லசாமி இரண்டு தம்ளரையும் பார்த்தார். அவளைப் பார்த்தார். எட்டு வருஷமாக வேறு வேறு இடத்தைப் பார்த்த இரண்டு பேரும் இப்போது ஒரே இடத்தைப் பார்த்தார்கள். கத்தியை மடக்க அவர் மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கொட்டகலைக் கடைத்தெருவில் மறுபடி மூன்று கட்சிகள். சலூன்காரனே சவரம் செய்யாமல் திரிகிறானே, என்ன காரணம்? தொழில் நொடித்துவிட்டது என்றது டீக்கடை பெஞ்சு. சுற்றுகிற நாற்காலி வாங்கப் பழனிக்கு நேர்ந்திருக்கிறான் என்றது இறைச்சிக்கடை. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், அது ஒட்டுத்தாடிதான் என்று அடித்துச் சொன்னார்கள்.